கரையை உடைக்கும் முதல் தண்ணீர்

கவுந்தப்பாடிப் பக்கம் மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது மாமாவுக்கு நெஞ்சை அடைப்பது போல வந்தது. வாயுவாக இருக்கும் என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்ததில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதற்கப்புறம் எல்லாம் வேகம்தான். கோபியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள், ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோவைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். மூன்றாம் நாள் எக்கோ பார்த்த இளம் டாக்டர் வெளியே வந்து, "அடைப்பு நல்லாத் திறந்திருச்சுங்கம்மா. பம்பிங் மட்டும் கொஞ்சம் கம்மி, ஒரு துடிப்புக்கு 40 சதவீத ரத்தத்தத்தான் இருதயம் தள்ளுதுங்க" என்றார்.

அத்தை விடவில்லை. "அடைப்பத்தான் எடுத்துப்போட்டீங்களே சாமி, அப்புறம் எதுக்குங்க இருதயம் வீக்குங்கறீங்க?"

ரத்தம் வராத நேரத்தில் கொஞ்சம் தசை செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அது அத்தைக்குப் புரிந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் புரியவில்லை. "ரத்தம் திரும்பி வர்றப்பவும் கொஞ்சம் அடி விழுகும்ங்கம்மா." உயிர் கொடுக்க வந்த ரத்தம் எப்படி அடிக்கும்? அன்று ஐசியூ வாசலில் அதற்கு மேல் பேச நேரமில்லை. அத்தையின் கேள்விக்கு மிச்சப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிரான சங்கதி இல்லை. ஆகஸ்ட் 15 வாக்கில் பவானிசாகரில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறப்பார்கள். அதுவரை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மண் கரை அது. வெடிப்பு விட்டிருக்கும், எலி வளையும் நண்டு வளையும் பாய்ந்திருக்கும். முழுக் கொள்ளளவு வினாடிக்கு 2,300 கன அடி என்பதற்காக முதல் நாளே அத்தனையையும் விட்டால் பயிருக்குப் போக வேண்டிய தண்ணீரே கரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் முதலில் சில நூறு கன அடி. கரை நனைந்து இறுகட்டும் என்று வாய்க்காலைக் காக்கும் லஸ்கர்கள் மேட்டில் நடந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். அப்புறம் படிப்படியாகக் கூட்டுவார்கள். இத்தனை பார்த்தும் சில வருடம் எங்காவது உடைப்பெடுக்கத்தான் செய்கிறது.

உடம்பில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசம். வாய்க்காலில் உடைவது கரை. உடம்பில் தண்ணீர் கேட்டுக் காத்திருந்த பயிரே உடைகிறது. மருத்துவத்தில் இதை ரீபர்ஃபியூஷன் இஞ்சுரி என்பார்கள். மறுஓட்டக் காயம் என்று வைத்துக்கொள்வோம்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருந்துக் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது.

ரத்தம் நின்றதும் இதயத் தசைச் செல்லுக்கு ஆக்சிஜன் போச்சு. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து ஓட்டிப் பார்க்கிறது. அதில் கிடைக்கும் சக்தி சொற்பம், சேரும் அமிலம் ஏராளம். அமிலத்தை வெளியே தள்ளுவதற்காகச் சோடியத்தை உள்ளே விடுகிறது. சோடியம் நிறைந்ததும் அதை வெளியேற்றக் கால்சியத்தை உள்ளே விடுகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது மாதிரி. இன்னொரு பக்கம், செல்லின் மின் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் எரிக்கப்படாமல் குவிந்துகொண்டே போகிறது.

இந்த நிலையில் கதவு திறக்கிறது. ஆக்சிஜன் பாய்ந்து வருகிறது, குவிந்து கிடந்த சக்சினேட் ஒரே மூச்சில் எரிகிறது. எரிகிற வேகத்தில் எலக்ட்ரான்கள் முன்னே போவதற்குப் பதில் பின்னோக்கி ஓடி, ஆக்சிஜனையே விஷமாக்கிவிடுகின்றன. 2014இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்த வழியைத் தெளிவாகக் காட்டினார்கள். சோமனூர் தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கரண்ட் போனதும் சுவிட்சையெல்லாம் அணைத்து வைப்பார்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்த நொடியில் எல்லாத் தறியும் ஒன்றாக இழுத்து பீஸ் போய்விடும். செல்லுக்கு அணைத்து வைக்கச் சுவிட்ச் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடைப்பு நேரத்தில் சேர்ந்த அமிலம் கெட்டது என்றுதானே நினைப்போம்? அந்த அமிலம்தான் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் இருக்கும் ஒரு துளையைத் திறக்க விடாமல் மூடி வைத்திருந்தது. ரத்தம் திரும்பியதும் சில நிமிடத்தில் அமிலம் கழுவிப் போய்விடுகிறது. அதே சமயம் கால்சியமும் விஷ ஆக்சிஜனும் உச்சத்தில் இருக்கின்றன. துளை திறக்கிறது, மைட்டோகாண்ட்ரியா ஊதி வெடிக்கிறது, அதோடு செல்லின் கதை முடிகிறது. முதல் சில நிமிடத்தில் நடந்து முடியும் கூத்து இது. அதற்கப்புறம் மணிக்கணக்கில் வெள்ளணுக்கள் வந்து குவிவது, நுண்குழாய்கள் வீங்கி அடைப்பது என்று இரண்டாம் சுற்று ஒன்று ஓடுகிறது. பெரிய குழாய் பளிச்சென்று திறந்திருக்கும். அதற்குக் கீழே உள்ள தசைக்கு மட்டும் ரத்தம் சேராது.

இது 1960இலேயே கண்ணில் பட்டுவிட்டது. அமெரிக்காவில் ராபர்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி வைத்து அவிழ்த்தபோது, ரத்தம் திரும்பிய தசை எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிதைவதைப் பார்த்தார்கள். விலங்கு ஆய்வுகளை வைத்துப் போட்ட கணக்கில், மாரடைப்பில் மொத்தமாக இழக்கும் தசையில் பாதி வரைகூட இந்த இரண்டாவது அடியால் போகலாம் என்று வருகிறது. பாதி என்பது உச்ச மதிப்பீடு. மனிதர்களில் துல்லியமாகப் பிரித்து அளப்பது கடினம். அதில் பாதி என்று வைத்தாலும் விட்டுவிடக்கூடிய நஷ்டமா அது?

இதயம் மட்டுமில்லை. 1941இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டில் மணிக்கணக்காகக் கால் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். தூக்கும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், நசுங்கிய காலுக்கு ரத்தம் திரும்பியதும் சரிந்தார்கள். சில நாளில் சிறுநீரகம் நின்று போனது. நசுங்கிய தசையில் தேங்கியிருந்த பொட்டாசியமும் தசைச் சாயமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்ததன் விளைவு. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியிலோ கட்டட வேலையிலோ பாரத்துக்கு அடியில் ஒருவர் மணிக்கணக்கில் சிக்கினால் இன்றைக்கும் இதே ஆபத்துதான். பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே கையில் ஊசி குத்தி சலைன் ஏற்ற ஆரம்பிப்பது அதனால்தான்.

சரி, மருந்துக்கு வருவோம். இத்தனை தெளிவாக வழி தெரிந்த பிறகு, வழியில் ஒரு தடுப்பை வைக்க மருந்து கிடைக்காமலா போகும் என்று தோன்றும். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

சைக்ளோஸ்போரின் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நார்வே மண்ணில் எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்த மருந்து அது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், உடம்பு புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்க வருடக்கணக்கில் சாப்பிடுகிற மாத்திரை. மேலே சொன்ன மைட்டோகாண்ட்ரியாத் துளையை அது மூடுகிறது என்று 1980களின் கடைசியில் தெரிந்தது. விலங்குகளில் பலன் கிடைத்தது. 2008இல் பிரான்ஸில் 58 மாரடைப்பு நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அடைப்பைத் திறப்பதற்குச் சற்று முன் ஒரே ஓர் ஊசியாகச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்டவர்களுக்குத் தசைச் சேதத்தைக் காட்டும் நொதி தெளிவாகக் குறைந்தது. துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம் பெரிய ஆய்வு வைத்தார்கள். 970 பேர். 2015இல் முடிவு வந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள், இதயம் பலவீனமாகி மீண்டும் அட்மிஷன் ஆனவர்கள், இதய அறை விரிந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணினால், ஊசி போட்ட பக்கம் 59.0 சதவீதம், போடாத பக்கம் 58.1 சதவீதம். ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொரு கதை இதைவிட வருத்தமானது. சோடியம் உள்ளே வரும் வாசலை அடைக்கிற கேரிபொரைட் என்ற மருந்தைப் பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு முன்பே கொடுத்துப் பார்த்தார்கள். 5,700 பேருக்கு மேல் கலந்துகொண்ட அந்த ஆய்வில், அறுவையை ஒட்டி வரும் மாரடைப்பு 18.9 சதவீதத்திலிருந்து 14.4 ஆகக் குறைந்தது. இதயத் தசையை மருந்தால் காப்பாற்ற முடியும் என்பதற்கு மனிதர்களிலேயே கிடைத்த சாட்சி அது. ஆனால் பக்கவாதம் கூடியது, இறப்பு 1.5இலிருந்து 2.2 சதவீதமாக ஏறியது. மருந்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

அடினோசின், வைட்டமின் வகையறாக்கள், விஷ ஆக்சிஜனைத் துடைக்கும் மருந்துகள் என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றாகச் சொன்னால் எனக்கும் சலிக்கும், உங்களுக்கும் சலிக்கும். காசே செலவில்லாத ஒரு முயற்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1986இல் அதே ஜென்னிங்ஸ் குழு விசித்திரமான ஒன்றைக் கண்டது. நாயின் இதயக் குழாயை 5 நிமிடம் கட்டி அவிழ்ப்பது, இப்படி நான்கு முறை. அதற்கப்புறம் 40 நிமிடம் கட்டினால், நேரடியாக 40 நிமிடம் கட்டியதில் வரும் சேதத்தில் கால் பங்குதான் வந்தது. சின்னச் சின்னப் பஞ்சத்தைப் பார்த்துப் பழகிய செல் பெரும்பஞ்சத்தைத் தாங்குகிறது. அப்புறம், இதயத்தைத் தொடவே வேண்டாம், கையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தி விட்டாலே இதயத்துக்குச் சேதி போய்விடும் என்று தெரிந்தது. பிபி பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி 5 நிமிடம் இறுக்கு, 5 நிமிடம் தளர்த்து, நான்கு முறை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஓடுகிற ஆம்புலன்ஸிலும் செய்துவிடலாம். கேட்டபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. 2019இல் பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா நாடுகளில் 5,401 மாரடைப்பு நோயாளிகளிடம் பார்த்ததில் பலன் இல்லை என்று வந்துவிட்டது. பக்கவாதத்தில் 2022இல் சீனாவில் செய்த ஆய்வு கொஞ்சம் பலன் காட்டியது, அடுத்த ஆண்டு டென்மார்க்கில் காட்டவில்லை.

நாய்க்கும் எலிக்கும் வேலை செய்தது மனிதருக்கு ஏன் செய்யவில்லை? என் மாமாவையே எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூட எலி இளசு, நோய்நொடி கிடையாது. மாமாவுக்கு 61 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. கிளிபென்கிளமைட் போன்ற சில பழைய சர்க்கரை மாத்திரைகள், செல் பஞ்சத்துக்குப் பழகும் அந்த வழியையே மழுங்கடிக்கும் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடத்தில் அடைப்பு என்று தெரியும். மாமாவுக்கு அடைப்பு எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது, சோடாவுக்கு முன்பா பின்பா? போதாக்குறைக்கு இன்று மாரடைப்புக்குத் தரும், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்துகளே ஓரளவு இந்தப் பாதுகாப்பைத் தருகின்றன என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அதற்கு மேல் புது மருந்து என்ன கூட்டும்?

எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. மருந்து போய்ச் சேரும் நேரம். காயம் முதல் சில நிமிடத்தில் விழுந்து முடிகிறது. அப்படியானால் ரத்தம் திரும்பும்போது மருந்து ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் ஒரே வழி அடைந்து கிடக்கிறது! கரை உடைந்த பிறகு மணல் மூட்டையோடு போய் நிற்கிற கதை. மெட்டோபுரோலால் என்ற சாதாரண பிபி மருந்தில் இதற்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. 2013இல் ஸ்பெயினில் 270 பேரிடம், திறப்பதற்கு முன்பே ஊசியாகக் கொடுத்தபோது தசைச் சேதம் குறைந்தது. பின்னர் 683 பேரிடம் வேறு அளவில், வேறு நேரத்தில் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குறையவில்லை. நேரத்தைத்தான் சந்தேகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

இப்படிச் சொல்வதற்கு வலுவான ஆதாரம் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்கு வெளியே, அறுவை அரங்கில் கிடைக்கிறது. அங்கே ரத்தத்தை நிறுத்துவது டாக்டர், எப்போது திறப்பது என்று முடிவு செய்வதும் அவரே. மதகு கையில் இருந்தால் நிலைமையே வேறு.

பைபாஸில் இதயத்தை நிறுத்துவதற்குக் குளிர்ந்த பொட்டாசியத் திரவம் ஒன்றைச் செலுத்துவார்கள். துடிப்பு நின்றுவிடும், செலவு குறைந்துவிடும். தறிக்காரர் சுவிட்சை அணைத்து வைப்பது போலத்தான். முடிந்ததும், ரத்தக் குழாயை இறுக்கி வைத்திருக்கும் கவ்வியை எடுப்பதற்கு முன் வெதுவெதுப்பான ரத்தம் கலந்த திரவத்தைக் குறைந்த அழுத்தத்தில் சில நிமிடம் விடுகிற அறுவை நிபுணர்கள் உண்டு. லஸ்கர் செய்வதும் இதைத்தானே.

உறுப்பு மாற்று இன்னும் தெளிவான உதாரணம். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் அரசுத் திட்டம் 2008இல் தொடங்கியது. கோவை மருத்துவமனை ஒன்றிலிருந்து ஐஸ் பெட்டியோடு ஆம்புலன்ஸ் கிளம்பும்போது போலீஸ் சாலையை ஒதுக்கித் தரும் செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் ஐஸ் மட்டும் இல்லை. உறுப்பைக் கழுவி ஊற வைக்கும் திரவம் ஒன்று இருக்கிறது. அதில் புகழ்பெற்றது 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுத்தார்டும் உருவாக்கியது. செல் ஊதாமல் பிடித்து வைக்கும் பெரிய சர்க்கரை மூலக்கூறுகள், அடினோசின், குளூட்டாதியோன், அப்புறம் அலோபியூரினால். கடைசியாகச் சொன்னது, கால் கட்டைவிரல் வீங்கும் கவுட் நோய்க்கு மெடிக்கலில் கொடுக்கும் அதே மாத்திரையின் மருந்துதான். விஷ ஆக்சிஜன் உற்பத்தியாகும் ஒரு வழியை அது அடைக்கிறது. மாரடைப்பு ஆய்வுகளில் தடுமாறிய வகை மருந்துகள் இந்தத் திரவத்தில் ஊறிக்கொண்டு நாள்தோறும் வேலை செய்கின்றன. ரத்தம் திரும்புவதற்கு மணிக்கணக்கில் முன்பே அவை செல்லின் அருகில் போய் உட்கார்ந்துவிடுகின்றன என்பதே வித்தியாசம். குளிரும் சேர்ந்துகொள்ள, சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும். இதயம் நாலைந்து மணி நேரம்தான்.

பெட்டியிலிருந்து எடுத்த சிறுநீரகம் வெளிறிப்போய், தொட்டால் ஜில்லென்று இருக்கும். குழாய்களைத் தைத்து முடித்ததும், கவ்வியை எடுப்பதற்கு முன், மயக்க மருத்துவர் ஸ்டீராய்டு, மேனிட்டால் என்று சிலவற்றை ஏற்றி ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வார். கவ்வியை எடுப்பார்கள். சில நொடியில் வெளிறல் போய் ரோஸ் நிறம் ஏறும். அதிர்ஷ்டம் இருந்தால் மேசையிலேயே சிறுநீர் சொட்டும். சொட்டாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மறுஓட்டக் காயத்தில் மயங்கிக் கிடக்கிறது, சில நாள் டயாலிசிஸ் செய்து காத்திருந்தால் விழித்துக்கொள்ளும். ஐஸில் வைப்பதற்குப் பதில் மெஷினில் குளிர்ந்த திரவத்தை மெதுவாக ஓடவிட்டு வைத்தால் இந்த மயக்கம் குறைகிறது. 2009இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், ஒரே கொடையாளரின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை ஐஸிலும் ஒன்றை மெஷினிலும் வைத்துப் பார்த்தார்கள். இப்படித் தாமதமாக வேலைக்கு வந்த சிறுநீரகங்கள் ஐஸில் 26.5 சதவீதம், மெஷினில் 20.8.

துண்டான கை விரலுக்கும் இதே நியாயம்தான். தறியிலும் கரும்பு ஆலையிலும் கயிறு மில்லிலும் கை போகிற ஊர் நம் ஊர். விரலை ஒட்ட வைக்கும் நுண் அறுவை சிகிச்சைக்குக் கோவை கங்கா மருத்துவமனை நாடறிந்த பெயர். துண்டை எடுத்துக்கொண்டு ஓடும் சொந்தக்காரர்கள் பதற்றத்தில் அதை நேராக ஐஸ் கட்டியில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் திசு உறைந்து கெடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். விரலில் தசை குறைவு, அதனால் கூடுதல் நேரம் தாங்கும். முழங்கைக்கு மேலே போனால் தசை அதிகம், குளிர் இல்லாமல் 6 மணி நேரம் தாண்டினால் ஒட்டுவதே உயிருக்கு ஆபத்தாகலாம். ஒட்டிய கையிலிருந்து திரும்பும் ரத்தம் என்னென்னவற்றைக் கொண்டு வரும் என்பதுதான் பயம்.

பக்கவாதத்தைத் தொடாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். நம் பக்கம் பக்கவாத நோயாளியின் பில்லில் சிட்டிகோலின், எடராவோன் என்று இரண்டு பெயர் அடிக்கடி வரும். மூளைச் செல்லைக் காக்கும் என்று எழுதுவார்கள். சிட்டிகோலினை 2,298 பேரிடம் வைத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது, கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. எடராவோனை ஜப்பான் 2001இல் அனுமதித்தது. அங்கும் சீனாவிலும் நம்மிடமும் புழக்கத்தில் இருக்கிறது. மேற்கு நாடுகள் பக்கவாதத்துக்கு அதை எடுத்துக்கொள்ளவில்லை. கடன் வாங்கிச் செலவு செய்கிற குடும்பம், இந்த ஊசி அவசியமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

நெரினடைட் என்ற புது மருந்துக்கு நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 2020இல் 1,105 பக்கவாத நோயாளிகள். மொத்தத்தில் பலன் இல்லை. பிரித்துப் பார்த்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவர்களிடம் நன்றாக இருந்தது. போட்டவர்களிடம் அந்த ஊசி ரத்தத்தில் கிளப்பிவிடும் நொதி, கட்டியோடு சேர்த்து இந்த மருந்தையும் வெட்டிப்போட்டிருந்தது. ஊசி போடாதவர்களை மட்டும் சேர்த்து மறுபடி பெரிய ஆய்வு வைத்தார்கள். அதிலும் தேறவில்லை.

கடைசியாக நம் ஊர் மண்ணில் முளைக்கும் ஒன்று. மூலனூர், தாராபுரம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் போனால் கிளுவைக் குச்சியிலும் கம்பியிலும் ஏற்றிவிட்ட கொடியில் நெருப்பு மாதிரிப் பூத்திருக்கும். செங்காந்தள். நம் மாநிலப் பூ. காட்டுக்காரர்களுக்குக் கண்வலிக்கிழங்கு. காலையில் ஆட்கள் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு போவார்கள், தானாகக் காய் பிடிப்பது குறைவு. விதைக்குத்தான் காசு. விலை ஒரு வருடம் ஏறும், அடுத்த வருடம் காலை வாரும். விதையிலிருந்து எடுப்பது கோல்சிசின். இதுவும் கவுட் மருந்துதான். வெள்ளணுக்கள் ஓடிவருவதை அது மட்டுப்படுத்துகிறது. மறுஓட்டக் காயத்தின் இரண்டாம் சுற்றை இதனால் தடுக்கலாமே என்று பார்த்தார்கள்.

பிரான்ஸில் 192 பேரிடம், அடைப்பைத் திறக்கும்போது தொடங்கி 5 நாள் கொடுத்தார்கள். செத்த தசையின் அளவு குறையவில்லை. ஆனால் மாரடைப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் சின்ன அளவில் கொடுத்த வேறோர் ஆய்வில், 4,745 பேரில், அடுத்தடுத்த இதயப் பிரச்சினைகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்தன. 2023இல் அமெரிக்கா இதய நோய்க்கு இதை அனுமதித்தது. அடுத்த ஆண்டே 7,062 பேரிடம் நடந்த ஆய்வு பலனில்லை என்றது! வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒன்று மட்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கையோ விதையையோ தொட வேண்டாம். உயிரை எடுக்கும் விஷம் அது. மருந்தளவுக்கும் விஷத்துக்கும் இடையே உள்ள வரப்பு மிக ஒடுக்கம்.

ஆக, மாரடைப்பில் மறுஓட்டக் காயத்தைத் தடுக்கும் மருந்து இன்றுவரை வழக்கமான சிகிச்சைக்குள் வரவில்லை. பலன் தந்தது வேறொன்று, அதுவும் நம் ஊரிலேயே. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் கோவையை மையமாக வைத்து ஒரு வலைப்பின்னலை முயன்றார். கோவை, ஈரோடு என்று சின்ன முன்னோட்டமாகத் தொடங்கிய வேலை. சின்ன ஆஸ்பத்திரியில் ஈசிஜி, அங்கேயே கட்டி கரைக்கும் ஊசி, உடனே ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ. தமிழ்நாட்டில் 2,420 பேரைக் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆக இறங்கியிருந்தது. மாமாவுக்குக் கோபியில் ஊசி போட்டு அனுப்பியது இந்த மாதிரி வழிமுறைதான். பஞ்சம் குறுகியதாக இருந்தால் செல்லில் சேரும் சக்சினேட்டும் கால்சியமும் குறைவு, திறக்கும்போது விழும் அடியும் குறைவு. அந்த முக்கால் மணி நேரச் சோடா மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று அத்தை இன்னும் புலம்புகிறார்.

40 என்ற எண்ணிலும் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. ரத்தம் திரும்பிய தசை எல்லாமே செத்தது இல்லை. உயிரோடு இருந்தும் அடி வாங்கிய அதிர்ச்சியில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், சுருங்காமல் கிடக்கும் தசை உண்டு. 1980களில் இதைத் திகைத்து நிற்கும் இதயம் என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் எக்கோவை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது அதனால்தான். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது மாமாவுக்கு 48 வந்தது.

அதே இளம் டாக்டர்தான் பார்த்தார். மாமா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "வாய்க்கால்ல தண்ணி உடறாங்களாமாங்க. போலாமுங்களா?" என்றார்.

"மேடு வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க, நல்லது. மம்பட்டிய மட்டும் இப்பத் தொடாதீங்க."